கூட்டு வீட்டுக் கடனிலிருந்து ஒருவர் விலகுவது எப்படி?
கும்பகோணத்தில் கணவன் மனைவி கூட்டாக வாங்கிய வீடு, ஒருவர் வெளியேறிவிட்டார். முடிச்சு இரண்டு: பத்திரத்திலுள்ள பங்கு, வங்கியிலுள்ள கடன். பங்கை விடுதலைப் பத்திரம் எழுதி விட்டுக்கொடுக்கலாம். கடன் அப்படிக் கழலாது. முழுத் தொகையையும் இருவரில் யாரிடமும் வசூலிக்க வங்கிக்கு உரிமையுண்டு. சேர்ந்து குத்தகைக்குப் பிடித்த வயலை விட்டு ஒருவர் திருப்பூர் போய்விட்டாலும், நிலக்காரர் குத்தகை நெல்லை இருவரிடமும்தானே கேட்பார்?

அதனால் முதலில் வங்கி. தங்குபவரின் வருமானம் மட்டும் தவணைக்குப் போதுமா என்று பார்ப்பார்கள். போதாவிட்டால் வேறொரு இணைக் கடனாளியைக் கேட்பார்கள். ஒப்புதல் எழுத்தில் வந்தபின் சார்பதிவாளர் அலுவலகம். குடும்பத்தினருக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். (விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டால் இந்தச் சலுகை கிடைப்பது சிக்கல்.) பத்திரத்தை முதலில் முடித்தவர்தான் வீடும் இல்லாமல் கடனோடு நிற்கிறார்.

பட்டாவில் பெயர் நீங்கிவிட்டால் கடனும் நீங்கிவிட்டது என்று பலர் நினைப்பது தவறு.