களவு மணமும் சாட்சியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் அவளும் வேறு வேறு சாதி. வீட்டுக்குத் தெரிந்தால் வெட்டுக்குத்து வரை போகும். போன மாதம் ஒரு மதிய வேளையில், ஆளில்லாத மலைக்கோயிலில் தாலி கட்டினேன். அதைக் கழற்றிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டாள். பதிவு செய்யலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கசிந்துவிடுமோ என்று நான்தான் தள்ளிப்போடுகிறேன். வீட்டுக்குத் தெரியாமல் காதலர் கூடும் களவு மணத்தைச் சங்கத் தமிழன் ஏற்றவன்தானே? எங்களுக்கு மட்டும் எதற்குச் சாட்சியும் காகிதமும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

சங்கத் தமிழன் ஏற்றான் என்பது மேடைப்பேச்சு. ஏற்றிருந்தால் ஊர் ஏன் வம்பு பேசி அலர் தூற்றியது, பெண்ணை ஏன் வீட்டில் அடைத்தார்கள், இருவரும் ஏன் பாலை வழியில் ஓடினார்கள்?

குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. "யாரும் இல்லை தானே கள்வன்" என்கிறாள் தலைவி. அவன் அவளைக் கூடிய அன்று அங்கே நின்றது ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த ஒரு குருகு, நீர்ப்பறவை. தினைத்தாள் போன்ற கால். அதற்கும் கண் மீன் மேல். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அழகான பாட்டு என்று தலையாட்டிவிட்டுப் போகிறோம். அவள் பயப்படுவது அவனை நினைத்து.

அகநானூறு 256-இல் கள்ளூர்ப் பெண்ணைக் கூடிய ஒருவன் அந்தப் பொய்யைச் சொல்லியே விடுகிறான். பெண்ணைத் தெரியவே தெரியாது என்று சத்தியம். ஊரவை சாட்சிகளை விசாரித்தது, அவனை மரக்கிளையில் கட்டித் தலையில் நீற்றைக் கொட்டியது. அந்தப் பெண்ணுக்குச் சாட்சி இருந்தது.

உங்கள் பயத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 2016-இல் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றது யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் சாட்சி வேறு, ஊர் வேறு. 1967-இல் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்துக்குப் புரோகிதரும் மண்டபமும் வேண்டாம். நண்பர்கள் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். வழக்கறிஞர் அறையில் மறைவாக நடந்தால் செல்லாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஊரறியச் செய் என்று கட்டாயப்படுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றது. (மதமும் வேறு என்றால் 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு உண்டு, அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். அலர் தூற்றும் வேலையை அரசே எடுத்துக்கொண்டிருக்கிறது.)

நீங்கள் கட்டிய தாலியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நாளை அவளை வீட்டில் அடைத்தால் ஆட்கொணர்வு மனுவில் எதைக் காட்டுவீர்கள்? நீங்களே மனம் மாறினால் அவள் எதைக் காட்டுவாள்? அவள் கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

நம்பகமான வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். உங்கள் பக்கம் ஒரு நண்பர், அவள் பக்கம் விடுதித் தோழி ஒருத்தி. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். அவர்கள் முன்னால் மறுபடி தாலி கட்டி, பதிவு செய்யுங்கள். காகிதம் அவளிடம் இருக்கட்டும்.