மச்சானின் ரியாலை எண்பதால் பெருக்காதீர்கள்

கேள்வி: தலவாக்கலையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 36, இரண்டு பிள்ளைகள். கையில் 90,000 ரூபா கிடைக்கிறது. மனைவி முன்பள்ளி ஆசிரியை. அவருடைய தம்பி எட்டு வருடமாகக் கட்டாரில் இருக்கிறான், 2,000 ரியால் சம்பளம். "மச்சான், அங்க வாழ்க்கையே வேற, நீங்களும் வாங்க" என்கிறான். ஏஜென்சிக்கு 5 லட்சம் வேண்டும். மனைவியின் 6 பவுண் ஏற்கெனவே மூன்று மூன்று பவுணாக இரண்டு அடகுத் துண்டில், 3 லட்சமும் 4 லட்சமுமாக 7 லட்சத்துக்கு அடகில் இருக்கிறது, மாதம் 1.5 வீத வட்டி. வேறு இடத்தில் மாற்றி வைத்தால் 12 லட்சம் தருவார்களாம். போகலாமா?

பதில்: தம்பி, உங்கள் நீண்ட கடிதத்தில் கட்டாரைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. நகையைப் பற்றி நாலு வரிதான். எனக்குப் பயம் தந்தது அந்த நாலு வரி. முதலில் இரண்டரை லட்சத்துக்கு வைத்தீர்கள், மச்சான் லீவில் வரும்போது வீட்டில் சோபாவும் பெரிய டிவியும் இருக்க வேண்டும் என்று. அப்புறம் மகளின் சடங்குக்காகத் திருப்பி, கூடுதலாக வைத்தீர்கள். இப்போது 7 லட்சம். தங்கம் விலை ஏற ஏற அதே நகைக்குக் கூடக் காசு தருகிறார்கள், நீங்களும் அதை வருமானம் மாதிரி எடுத்துக்கொள்கிறீர்கள். அது கடன். ஒருமுறைகூட வாங்கிய முதல் தொகையில் ஒரு ரூபா குறைந்ததில்லை. மாதம் 10,500 வட்டி மட்டும் போகிறது.

சரி, கட்டாருக்கு வருவோம். 2,000 ரியாலை 80ஆல் பெருக்கி 1,60,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சானின் செலவைப் பெருக்கவில்லையே? சாப்பாடு, போன், சில்லறைச் செலவு என்று அவனே சொன்ன கணக்கு 750 ரியால். மீதி 1,250, அதாவது ஒரு லட்சம் ரூபா. அதற்காக நீங்கள் இங்கே விடுவது 90,000. நீங்கள் வீட்டில் இல்லாததால் மிச்சமாகும் செலவு 20,000 என்று வைத்தாலும், குடும்பத்துக்குக் கூடுதலாக வருவது 30,000தான். புதிதாக எடுக்கும் 5 லட்சத்துக்கு வட்டி 7,500. மிஞ்சுவது 22,500. இரண்டு வருட ஒப்பந்தத்தில் 5,40,000. ஏஜென்சிக்குக் கட்டிய 5 லட்சத்தைக் கழித்தால் 40,000 ரூபா. இரண்டு வருடம் பிள்ளைகளைப் பிரிந்திருப்பதற்கு! பழைய 7 லட்சம் அப்படியே கிடக்கும். கடை உங்கள் பெயரில் கட்டும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதமும் நின்றுவிடும். அதைச் சேர்த்தால் நட்டம்.

இதிலும் சம்பளம் முதல் மாதமே 2,000 என்று வைத்துத்தான் பார்த்தேன். மச்சான் அங்கே எட்டு வருடம் பழகியவன். 2021 மார்ச்சிலிருந்து கட்டாரில் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். நிறுவனம் தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 மேலதிகம். ஏஜென்சிக்காரர் சொல்லும் தொகை இந்த எல்லாம் சேர்ந்ததா, அடிப்படைச் சம்பளம் மட்டுமா என்று எழுத்தில் கேட்டீர்களா? அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். ஒரு அழைப்புத்தான்.

மச்சானின் வாழ்க்கை திடீரென்று உயர்ந்த மாதிரித் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. ரியால் டொலரோடு கட்டப்பட்ட காசு, ஒரு டொலருக்கு 3.64. 2022 தொடக்கத்தில் ஒரு ரியால் சுமார் 55 ரூபா. மார்ச்சில் நம் ரூபா விழுந்தது, மே மாதத்தில் ரியால் 95ஐத் தாண்டியது. அவனுடைய சம்பளம் கூடவில்லை, நம் காசு தேய்ந்தது. அதே வருடம் இங்கே சாமான் விலையும் எகிறியது. அவன் அனுப்பிய காசு வாங்கிய அரிசி அந்த அளவுக்குக் கூடியிருக்காது.

அங்கே நல்லது இல்லை என்று சொல்லவில்லை. சம்பளத்துக்கு வரி இல்லை, ரோடும் கரண்டும் நம்மைவிடப் பல மடங்கு மேல். மழைக்கு மண் எப்போது சரியுமோ என்று விழித்திருக்கும் நம் லயத்துப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த வசதி உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. இந்தச் சம்பளத்துக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அவர்கள் இதே தலவாக்கலையில், இதே இலவசப் பள்ளிக்கூடத்திலும் அரசாங்க ஆஸ்பத்திரியிலும்தான் இருப்பார்கள். நீங்கள் மட்டும் ஒரு அறையில் பலரோடு. வெளிவேலை என்றால் ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. அந்த வெயில் எப்படி என்று மச்சானிடம் கேளுங்கள்.

நகைக்கு வழி இருக்கிறது. மார்ச்சில் மனைவியின் சீட்டுப் பணம் 3 லட்சம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 3 லட்சத் துண்டை மீட்டு, அந்த 3 பவுணை விற்றுவிடுங்கள். நகைக்கடையில் உங்களுக்குச் சொன்ன பவுணுக்கு 2.5 லட்சம் விலைக்கு 7.5 லட்சம் வரும். அதில் 4 லட்சத் துண்டை மீட்டால் 3 பவுண் வீட்டுக்கு வரும், 3.5 லட்சம் கையில் நிற்கும். அதை நிலையான வைப்பில் போட்டு மீதிச் சீட்டுத் தவணையைக் கட்டுங்கள். மச்சான் சொல்லும் டொலர் ட்ரேடிங் ஆப்பில் ஒரு சதமும் போட வேண்டாம். ஆள் சேர்த்தால் காசு என்று வந்தால் அது பிரமிட் திட்டம், நம் வங்கிச் சட்டத்தில் தடைசெய்யப்பட்டது.

அம்மா போட்ட நகையை விற்க மனைவிக்கு மனம் வராது, தெரியும். அவரிடம் இந்த 10,500ஐச் சொல்லுங்கள். வட்டி நின்றால் வருடம் 1,26,000. இன்றைய விலைக்கு இரண்டு வருடத்தில் ஒரு பவுண் திரும்ப வாங்கலாம். அவர் சம்மதித்தபின் செய்யுங்கள், நகை அவருடையது.

இரண்டு துண்டிலும் மீட்கும் கடைசித் தேதியை இன்றைக்கே பாருங்கள். மார்ச்சுக்கு முன்னால் ஏதாவது முடிகிறது என்றால் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பியுங்கள். அப்போதும் "கூடத் தரலாம்" என்பார்கள். வாங்காதீர்கள்.