ஹைப்பரும் ஹைப்போவும் மாறிப்போகின்றனவா?

விலங்கியல் பட்டம் பெற்று நோயாளிகளின் மருத்துவக் கோப்புகளுக்குக் குறியீடு இடும் மெடிக்கல் கோடிங் பயிற்சியில் சேர்ந்திருக்கும் வாசகி ஒருவர், பயிற்சி நிலையம் தந்த, மருத்துவச் சொற்களின் முன்னால் வரும் 300 முன்னொட்டுகளை இரண்டு மாதமாக மனப்பாடம் செய்தும் ஹைப்பரும் ஹைப்போவும் மாறிப்போகின்றன, இந்த நிலையில் அந்த வேலைக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வில் தேற முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகத் தேறலாம், முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். 4 மணி நேரத்தில் 100 வினாக்கள், 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி என்று அமைந்த அந்தத் தேர்வைக் குறியீட்டு நூல்களை உடன் வைத்துக்கொண்டே எழுதலாம். சொல்லைப் பிரித்துப் பொருள் காணத் தெரிந்தவருக்கு முப்பது நாற்பது முன்னொட்டுகளே போதும்.

ஹைப்பர் என்றால் மிகுதி. 'உயர்' என்பதைப் போலவே அதுவும் 'ர்' என்று முடிகிறது. ஹைப்போ என்றால் குறைவு. அதிலுள்ள 'போ'வைப் 'போதாது' என்று நினைவில் வையுங்கள். நோய்க் குறியீட்டு நூலில், தைராய்டு குறைவாகச் சுரக்கும் ஹைப்போதைராய்டிசம் இ03 (E03) பிரிவிலும், மிகுதியாகச் சுரக்கும் ஹைப்பர்தைராய்டிசம் இ05 (E05) பிரிவிலும் வருவதால் இங்கே தடுமாறினால் குறியீடே தவறிவிடும். தைராய்டு குறைவாகச் சுரக்கும்போது அதைத் தூண்டுவதற்காகப் பிட்யூட்டரி சுரப்பி கூடுதலாக வேலை செய்வதால், இரத்தப் பரிசோதனை அறிக்கையில் அது சுரக்கும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு உயர்ந்து, எதிரே உயர்வைக் குறிக்கும் 'எச்' (H) என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து ஹைப்பர் என்று முடிவுகட்டிய கோப்புகளைத் தணிக்கையில் பலமுறை திருத்தியிருக்கிறேன். மருத்துவர் எழுதிய நோய்ப்பெயருக்குத்தான் குறியீடு இட வேண்டுமே தவிர, எண்ணைப் பார்த்து நாமே நோயைத் தீர்மானிக்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஹைப்போ சில சொற்களில் அளவைக் குறிக்காமல் இடத்தைக் குறிக்கும். ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்கு அடியில் போடப்படுவது. அதற்கும் தோல் குறைவதற்கும் தொடர்பில்லை. ஹைப்போகிளாசல் நரம்பு நாக்குக்கு அடியில் செல்வது. பின்னால் உடலுறுப்பின் பெயர் வந்தால் இடமா என்று ஐயப்படுங்கள். ஆனால் தைராய்டும் உறுப்புதானே என்று கேட்பீர்கள். ஹைப்போதைராய்டிசத்தின் இறுதியிலுள்ள 'இசம்' ஒரு நிலையைக் குறிப்பதால் அங்கே குறைவு என்றே கொள்ள வேண்டும். ஆகவே முன்னொட்டை மட்டும் பார்க்காமல் சொல்லின் வாலையும் பாருங்கள்.

'முன்' என்று பொருள்படும் ஆன்ட்டியும் (ante) 'எதிர்' என்று பொருள்படும் ஆன்ட்டியும் (anti) நம் காதில் ஒன்றாகவே விழுவதால், அவற்றை ஆங்கில எழுத்துக்கூட்டலோடு படிப்பதே வழி.

மூன்று ஆண்டுகள் உடலியல் நடத்தும் கல்லூரிகள், ஒரு சொல் எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால், பயிற்சி நிலையங்கள் இந்த 300 முன்னொட்டுப் பட்டியலைப் பணத்துக்கு விற்க முடியாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், வேலை உறுதி என்று சொல்லி முன்பணம் வாங்கும் இடைத்தரகர்களைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். தேர்வுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டாலும் கொடுக்காமல், தேர்வு நடத்தும் அமைப்பின் இணையதளத்தில் உங்கள் பெயரிலேயே கணக்கு தொடங்கி நீங்களே செலுத்தி, ரசீதை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.