வளவில் எடுத்த வீடியோவில் புள்ளிகள்

கானாடுகாத்தான் வீட்டு வளவில் மங்கலான வெளிச்சத்தில் எடுத்த 4கே சாந்திக் கல்யாண வீடியோவை 1080க்குச் சுருக்கியும் புள்ளிகள் துள்ளுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட லான்சோஸ் என்ற சுருக்கும் முறை நுணுக்கத்தைக் காப்பாற்றும்போது இரைச்சலையும், அதாவது அந்தப் புள்ளிகளையும், சேர்த்தே காப்பாற்றுகிறது. வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் நிரலில், அளவை மாற்றும் ஸ்கேல் ஃபில்டரின் ஃப்ளாக்ஸ் அமைப்பை 'ஏரியா' என்று மாற்றுங்கள். நான்கு பிக்சல்களின் சராசரி ஒரு பிக்சலாகும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரைச்சல் என்றால் பாதியாகிவிடும். போன் வீடியோவில் அவ்வளவு குறையாது, பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஏற்கெனவே கலந்திருக்கும். சராசரி எடுக்காமல் பக்கத்துப் பிக்சல் ஒன்றை மட்டும் அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் முறை மட்டும் வேண்டவே வேண்டாம், ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலையெல்லாம் படியாக உடைந்து நெளியும். அப்புறமும் மிச்சமிருந்தால், சுருக்குவதற்கு முன்பு இரைச்சலைக் குறைக்கும் எச்க்யூடிஎன்3டி ஃபில்டரை லேசாகப் போடுங்கள். இருட்டான பத்து நொடியை மட்டும் வெட்டி ஓட்டி, ஆச்சியின் கண்டாங்கிச் சேலைக் கட்டங்கள் கரையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.