6174 வராமல் போனது ஏன்?

கேள்வி: நூலகத்தில் பிள்ளைகளுக்கு 6174 விளையாட்டைக் காட்டினேன். நான்கு இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போனோம். 2111 எடுத்த பையனுக்கு மட்டும் பூஜ்யம் வந்ததே? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: முன்னால் வரும் பூஜ்யத்தை அவன் விட்டிருப்பான். 2111 − 1112 = 999. இதை 0999 என்றே எழுத வேண்டும். இல்லாவிட்டால் 999-இல் 999 போய் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். சரியான வழி இது: 9990 − 0999 = 8991, 9981 − 1899 = 8082, 8820 − 0288 = 8532, 8532 − 2358 = 6174. ஆக ஐந்தே படி. எந்த எண்ணுக்கும் ஏழு படிக்கு மேல் போகாது; 4444 போல நான்கும் ஒன்றாக இருப்பவை மட்டும் ஆகாது.

தாளில் நான்கு கட்டம் போட்டுக் கொடுங்கள், பூஜ்யம் தவறாது. ஒவ்வொரு விடையின் இலக்கக் கூட்டலும் 9-இன் மடங்காக வரும். வராவிட்டால் கடன் வாங்கியதில் பிழை.

நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1949-இல் கண்டது இது. விடையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள்! ஆளுக்கொரு எண்ணில் தொடங்கி எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேரும் அந்த நொடிதான் இதன் அழகு. சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று இலக்கம் போதும். அங்கே 495 வரும்.