முதல் டிஎஸ்எல்ஆர்: வாசகர் கேள்விகள்

டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கப்போகிறேன். கேனன் 3000டி, 1500டி இரண்டில் எது? 18 மெகாபிக்சல் போதுமா? நான் கண்ணாடி போடுபவன்.

மெகாபிக்சல் தாராளமாகப் போதும். 18 மெகாபிக்சல் படத்தைக் கல்யாண ஆல்பத்துக்கு 12×18 அங்குலத்தில் அச்சிட்டால், அங்குலத்துக்கு 288 புள்ளிகள் கிடைக்கும். கையில் வைத்துப் பார்ப்பவருக்குக் குறை தெரியாது. 3000டி இடிப்பது வேறு இடத்தில். அதன் லென்ஸ் மவுண்ட் (லென்ஸை மாட்டும் வளையம்) பிளாஸ்டிக். கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரை நம் பார்வைக்கு ஏற்ப மாற்றும் டயாப்டர் திருகும் அதில் இல்லை. கண்ணாடியைக் கழற்றினால் எல்லாமே மங்கல்தான். 1500டியில் இரண்டும் சரியாக இருக்கின்றன. பவர் அதிகம் என்றால் அதிலும் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் உங்களுக்கு 1500டிதான்.

நிக்கான் டி3500 பழையது ஒன்று மலிவாக வருகிறது. மாமாவிடம் 50 மிமீ எஃப் 1.8டி லென்ஸ் சும்மா கிடக்கிறது. சேர்த்துக்கொள்ளலாமா?

கேமராவை வாங்குங்கள். லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும். ஆட்டோஃபோகஸ் மட்டும் வேலை செய்யாது. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைத் திருக வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் இல்லை. டி7000 வரிசையில் உண்டு. பழைய லென்ஸ் தேடும்போது பெயரில் 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 'ஏஎஃப்' என்றால் கையால்தான் ஃபோகஸ். ஓடியாடும் குழந்தையை அப்படிப் பிடிப்பது பெரும்பாடு.

பழைய கேமராவைச் சோதிக்க: அபர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் (படம் பதியும் சில்லு) தூசி. அது பயப்படும் விஷயமில்லை, சுத்தம் செய்யலாம். லென்ஸுக்குள் டார்ச் அடிக்கும்போது சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். நிக்கானில் எத்தனை முறை ஷட்டர் விழுந்தது என்ற கணக்கு ஒவ்வொரு படக் கோப்போடும் சேரும் எக்ஸிஃப் தகவலில் பதிவாகும். விற்பவரிடம் அன்றைக்கு எடுத்த ஒரு படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு விசேஷத்தில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எல்லாம் ஆடியிருக்கின்றன. கேமராவை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பெட்டியோடு வந்த 18-55 லென்ஸை 55-க்கு ஜூம் செய்தால் அபர்ச்சர் எஃப் 5.6-க்குமேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 15-இல் ஒரு நொடியாகத் திணறிய ஷட்டர் 150-இல் ஒரு நொடிக்குப் போய்விடும். கேனன் வைத்திருப்பவர்களுக்கு 2015-இல் வந்த 50 மிமீ எஃப் 1.8 எஸ்டிஎம் கைக்கடக்கமான விலை. ஆனால் ஒன்று: இந்தச் சிறிய சென்சாரில் அது 80 மிமீ போலத்தான் காட்டும், அதாவது காட்சி குறுகிவிடும். பத்துக்குப் பத்து அறையில் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் குடும்பம் முழுதும் அடங்காது. முகங்களுக்கு அருமை. நிக்கான்காரர்களுக்கு 35 மிமீ எஃப் 1.8 வீட்டுக்குள் இன்னும் வசதி.

லென்ஸ் வாங்கும்வரை, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வு அளவு) 1600-க்கு ஏற்றுங்கள். கொஞ்சம் மணல் மணலாகத் தெரியும், அதனால் என்ன? ஆடிய படத்தைவிட மேல்.

யூடியூபுக்கும் 1500டி ஆகுமா?

வெளி மைக் செருக இடமில்லை. 200டி மார்க் 2 பாருங்கள்.

இனி டிஎஸ்எல்ஆரே வராது, மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத கேமரா) வாங்கு என்கிறார்களே?

கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை, அது உண்மைதான். முழுக்கப் புதிதாக வாங்கப் பணம் இருந்தால் மிரர்லெஸ்ஸே வாங்குங்கள். கை இறுக்கம் என்றால் பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு நல்ல லென்ஸும்தான் என் கட்சி. கேனனின் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக அதன் மிரர்லெஸ் ஆர் வரிசையில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். ஆர் வரிசை லென்ஸோ டிஎஸ்எல்ஆரில் மாட்டவே மாட்டாது.

கடலூரில் இருக்கிறேன். மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

தோல் பையிலோ துணி அலமாரியிலோ வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீல சிலிக்கா ஜெல். அது இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமாகச் சூடாக்கி, நீலம் திரும்பியதும் ஆறவிட்டுப் போடுங்கள். சமையல் வாணலி வேண்டாம், தனியாக ஒன்று. ஒரு சின்ன ஈரப்பதமானியும் வைத்து, 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.