அந்த வயதுக்கு

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் போட்ட சிறுகதைத் தொகுப்பை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். மொத்தம் 19 கதைகள். 8 கதைகள் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை, மற்றவை பெரியவர்களுடையவை. இரண்டே இரவில் படித்து முடித்தேன், அவ்வளவு ரசித்தேன். பிள்ளைகளும் அந்த வயதுக்கு நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் ஒரே புத்தகத்தில் கலந்து போட்டது சரியா? பெரியவர்கள் கதைகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் கதைகள் இளப்பமாகத் தெரியாதா? எங்கள் பள்ளி மாணவி எழுதிய நெல் கொள்முதல் நிலையக் கதைக்கு முடிவே இல்லை. பல கதைகளில் பேச்சு வழக்கும் பிழைகளும் அப்படியே இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன சிறுகதைகள் படிக்கக் கொடுக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை, நீடாமங்கலம்

அன்புள்ள டீச்சருக்கு,

புத்தகம் வந்த அன்றே படித்துவிட்டேன். பதில்தான் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. நேற்று உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது ஒரு சொல் பிடித்துக்கொண்டது. ‘அந்த வயதுக்கு.’ கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கலந்து போட்டது சரிதான். பிழைகளை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம், பேச்சு வழக்கில் யாரும் கை வைக்க வேண்டாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் நல்ல மனதோடுதான் அப்படி எழுதியிருக்கிறீர்கள், தெரியும். ஆனால் ‘அந்த வயதுக்கு’ என்று நினைத்த நிமிடமே கதையை மூடிவைத்துவிட்டு, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கப் போய்விட்டீர்கள். புத்தகம் போட்டவர்களும் அதையே செய்திருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வகுப்பு இருக்கிறது. பெரியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வயது எங்கே? ஒருவர் பெயரை அடுத்து 54 என்று அச்சடித்தால், 54 வயதுக்கு இந்தக் கதை பரவாயில்லை என்றா படிப்போம்? அவரைப் படிக்கும்போது கதையை மட்டும் பார்க்கிறோம். பிள்ளையைப் படிக்கும்போது சலுகை கொடுத்துவிட்டுப் படிக்கிறோம். சலுகை கொடுத்த பிறகு அங்கே கதை நம் கண்ணில் படுவதே இல்லை.

எனக்கு அப்போது 14 வயது. குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். பள்ளியில் நாங்கள் நான்கு பேர் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம், ஒரே பிரதி. ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம் அது. அதை வைத்து ஒரு கதை எழுதினேன். ஒரு கிழவர் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து வயல்காரரின் வாய்மடையை அடைத்து, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டு வருவார். மண்வெட்டியை வரப்பிலேயே விட்டுவிட்டு வந்ததால் விடிந்ததும் மாட்டிக்கொள்வார். ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு பெரிய மனிதர் பத்திரிகையை மேடையில் உயர்த்திக் காட்டி, “இந்த வயசுல என்ன கற்பனை!” என்றார். பெரியவர்களை மதிக்கச் சொல்லும் நல்ல கதை என்றும் சொன்னார். அவர் அதைப் படிக்கவே இல்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பேனா கொடுத்தார், எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகை அழுகையாக வந்தது.

அந்தப் பத்திரிகை கை மாறிக் கை மாறி வாடகை சைக்கிள் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் அரை மணி நேரத்துக்குச் சைக்கிள் எடுக்கப் போயிருந்தேன். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“ஏன் தம்பி, அந்தக் கெழவன் மம்பட்டியை வரப்புல விட்டுட்டு வந்தானே, மறந்துட்டா, இல்ல வேணும்னேவா?”

என்னிடம் பதில் இல்லை. நான் எழுதிய ஆள், எனக்கே தெரியவில்லை.

“நாப்பது வருசம் தோள்ல கெடந்த மம்பட்டி. அதப்போயி மறப்பானா?” என்று சொல்லிவிட்டு, குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அரத்தைத் தேட ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்தக் கதையை அப்புறம் மூன்று தடவை திருப்பி எழுதினேன். மூன்று தடவையும் கிழவர் வேறு வேறு ஆளாக வந்தார். நான் எந்த வகுப்பு படிக்கிறேன் என்று கடைக்காரர் கேட்கவே இல்லை, டீச்சர்.

நம் கும்பகோணத்தையே பாருங்கள். எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராமின் முதல் கதை மணிக்கொடி இதழில் வந்தபோது அவருக்கு 16 வயது. பி.எஸ்.ராமையா ஆசிரியராக இருந்த மணிக்கொடி. பிச்சமூர்த்தியும் கு.ப.ரா. என்ற கு.ப.ராஜகோபாலனும் புதுமைப்பித்தனும் எழுதிய அதே மணிக்கொடி. கு.ப.ரா. 1902இல் பிறந்தவர். கரிச்சான் குஞ்சு 1919, வெங்கட்ராம் 1920, தி.ஜானகிராமன் 1921. கிட்டத்தட்ட ஒரு தலைமுறை இடைவெளி. கு.ப.ரா.வைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசித்தான் இவர்கள் வளர்ந்தார்கள். சின்னப் பையன்களுக்கு என்று தனிப் பந்தி போட்டிருந்தால் இந்த வரிசை நமக்குக் கிடைத்திருக்குமா?

அந்தக் கொள்முதல் நிலையக் கதைக்கு முடிவு இல்லை என்கிறீர்கள். இதைப் படித்ததும் உங்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது. அப்பா மூன்றாவது ராத்திரியாக நெல் குவியலுக்குக் காவல் கிடக்கிறார். மழை அப்போதுதான் விட்டிருக்கிறது. மகள் தூக்கில் சோறு கொண்டுபோகிறாள். தார்ப்பாயை விலக்கி, முழங்கை வரை நெல்லுக்குள் கையை விடுகிறாள். ‘காய்ச்சல்ல கெடந்த தம்பி வயித்துல கை வச்ச மாதிரி இருந்துச்சு’ என்று எழுதியிருக்கிறாள். அப்பா “கையை எடு” என்கிறார். கதை அங்கே நின்றுவிடுகிறது.

ஈர நெல்லைக் குவித்து மூடினால் உள்ளே சூடேறும், அப்புறம் முளை விடும். அரசு தளர்வு அறிவித்தாலொழிய ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். டெல்டாவில் இது யாருக்குத் தெரியாது? அந்த அப்பாவுக்கும் தெரியும். தெரிந்துதான் மூன்று நாளாக உள்ளே கை விட்டுப் பார்க்காமல் கிடக்கிறார். மகள் பார்த்துவிட்டாள். “கையை எடு” என்பதற்கு அப்புறம் என்ன எழுதச் சொல்கிறீர்கள்?

அதே விஷயத்தை அதே தொகுப்பில் ஒரு பெரியவர் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். ஈரப்பதம் பார்க்கும் மெஷின், 40 கிலோ சிப்பம், சாக்குத் தட்டுப்பாடு, வராத லாரி, எல்லாம் இருக்கிறது, எல்லாம் உண்மையும்கூட. கடைசியில் விவசாயி நம்மைப் பார்த்து இரண்டு பக்கம் பேசுகிறார். நெல் சுட்டது என்று ஒரு வரி கிடையாது. எந்தக் கதை இளப்பம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள். ஒரே புத்தகத்தில் போட்டதால்தானே பார்க்க முடிகிறது?

பெரியவர்கள் எல்லோரும் அப்படி இல்லை. மீட்டர் கேஜ் பாதையை மூடிப்போட்டிருந்த வருஷங்களில், வராத ரயிலுக்காகத் திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனில் வந்து உட்காரும் பாட்டியின் கதை அருமை. பிள்ளைகளின் கதைகளிலும் மூன்று எனக்குப் பிடிக்கவில்லை. முயலும் அணிலும் பேசிக்கொண்டே வந்து கடைசியில் மரம் நடச் சொல்கின்றன. அது அந்தப் பிள்ளைகளின் கதையே இல்லை, நாம் கேட்பது இதுதான் என்று தெரிந்து எழுதிக் கொடுத்தது. பிடிக்கவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்றும் சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்ணிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னது நீங்கள்தான் என்று முன்னுரையில் பார்த்தேன். அப்படி ஒரு டீச்சர் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைப்பார்? உங்களிடம் உரிமை எடுத்துக்கொண்டு பேசுவது அதனால்தான்.

எட்டாம் வகுப்புக்கு என்ன படிக்கக் கொடுப்பது என்று இன்னொரு நாள் எழுதுகிறேன். அதற்கு முன் நீங்கள் அவளிடம் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். உள்ளே நுழையும்போது தூக்கு அவள் வலது கையில் இருக்கிறது. நெல்லுக்குள் விட்டது இடது கை என்று தெளிவாக எழுதியிருக்கிறாள். தூக்கைக் கீழே வைத்ததாகக் கதையில் எங்கேயும் ஒரு வரி இல்லை. அப்படியானால் “கையை எடு” என்று சொல்லும்போதும் அப்பா சாப்பிட்டிருக்கவில்லை, சோறு அவள் கையிலேயே இருக்கிறது. அவள் எழுத மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டாளா?

அன்புடன்,
கும்பகோணத்திலிருந்து